ஒரு மாலைக்கு வரும் பணியாளர்கள்: விருது விழா நடத்தும் கோவை வாசகருக்கு

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நானும் என் தங்கையும் ஆறு நிரந்தர ஊழியர்களுடன் கோவையில் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் நடத்துகிறோம். வரும் டிசம்பரில் அவிநாசி சாலையில் உள்ள ஓர் அரங்கில் ஒரு தொழில் சங்கத்தின் விருது விழாவை நடத்தும் பொறுப்பு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. 1,100 விருந்தினர்கள், 34 விருதுகள், நேரலை ஒளிபரப்பு. 80 தற்காலிகப் பணியாளர்கள் வேண்டும் என்று சங்கத்தார் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு இதைவிடச் சிறிய விழா ஒன்றுக்கு 40 பேர் தருவதாகச் சொன்ன சப்ளையர் 26 பேரைத்தான் அனுப்பினார். அவர்களிலும் 11 பேர் இரவு 9.30 மணிக்குச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தேன். மேடையில் இரண்டு ஷீல்டுகள் ஆள் மாறிப் போயின. இம்முறை ஆட்களை எங்கே எடுப்பது, எப்படிக் கடைசிவரை நிறுத்திவைப்பது? மேடைப் பணிக்கு வரும் பெண்களின் பாதுகாப்பு பற்றியும் என் தங்கை கவலைப்படுகிறாள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சென்ற ஆண்டு நேர்ந்த தவறுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவை தெரிந்ததால்தான் என்னாலும் பயனுள்ள பதில் எழுத முடிகிறது. நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக மேடை மேலாளராகவும் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகவும் வேலை செய்து வருகிறேன். ஆள் பற்றாக்குறையால் கெட்ட விழாக்களைவிட, தான் எங்கே நிற்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற மூன்றும் தெரியாத ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால் கெட்ட விழாக்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே 80 என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, அரங்கத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வோர் இடத்திலும் யாராவது நின்றே ஆக வேண்டுமா என்று உங்கள் தங்கையுடன் சேர்ந்து குறியுங்கள்.

வரவேற்பு மேசையை எடுத்துக்கொள்வோம். 1,100 விருந்தினர் என்றால் ஓர் அழைப்பிதழுக்கு இருவர் என்ற கணக்கில் ஏறத்தாழ 550 அழைப்பிதழ்கள் வரும். நம் ஊரில் 6.30 மணி விழாவுக்கு 5.30 மணிக்கே கதவைத் திறந்தாலும், பத்தில் ஏழு பேர் கடைசி முக்கால் மணி நேரத்தில்தான் வருவார்கள். அப்படியானால் 45 நிமிடத்தில் சுமார் 385 அழைப்பிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். பெயரைத் தேடி, கைப்பட்டை கட்டி, இருக்கைப் பகுதியைச் சொல்லி அனுப்ப அரை நிமிடம் ஆகும் என்று வைத்தால், ஒரு மேசை அந்த நேரத்தில் 90 அழைப்பிதழ்களை முடிக்கும். ஐந்து மேசைகள் போதும். மேசைக்கு இருவர் என்றால் பத்துப் பேர். இவர்களுடன், பட்டியலில் பெயர் இல்லாமல் வருகிறவர்களுக்கென்று சற்றுத் தள்ளி ஒரு தனி மேசையும் அதற்கு இருவரும் கட்டாயம் வேண்டும். அந்த மேசை இல்லாவிட்டால், "நான் யார் தெரியுமா?" என்று ஒருவர் கேட்கும் பத்து நிமிடத்தில் அவருக்குப் பின்னால் முப்பது பேர் நின்றுவிடுவார்கள்.

இதே முறையில் மற்ற இடங்களையும் எண்ணினால், அரங்க இருக்கைப் பகுதிகளுக்குப் பத்துப் பேர், முக்கிய விருந்தினர்களுக்கு ஐந்து பேர், மேடைக்கும் மேடையோரத்துக்கும் 12 பேர், ஒப்பனை அறைகளுக்கு மூவர், ஓடியாடும் ரன்னர்கள் நால்வர் என்று 46 பேர் வருகிறார்கள். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களுக்கு ஈடாக ஐவரைச் சேர்த்து, அடுத்து நான் சொல்லப்போகும் குழுத் தலைவர்கள் ஆறு பேரையும் கூட்டினால் 57. சுமை இறக்குவோரும் காவலர்களும் உணவு பரிமாறுவோரும் இதில் அடங்கமாட்டார்கள், அவர்கள் வேறு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். 80 பேருக்கு ஒதுக்கிய தொகையை 57 பேருக்குச் செலவிட முடிந்தால் கூலியை உயர்த்தலாம், வேன் வைக்கலாம், நல்ல சாப்பாடு போடலாம். சங்கத்தாரிடம் இந்த வரைபடத்தையே காட்டுங்கள். வெறும் எண்ணை வைத்து வாதாடினால் நீங்கள் சிக்கனம் பிடிப்பதாக அவர்களுக்குத் தோன்றும்.

குழுத் தலைவர்கள்தான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. எட்டுப் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டாதீர்கள். விழாவுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே அவர்களை முடிவு செய்து, மற்றவர்களைப் போல இரு மடங்கு ஊதியம் பேசி, அரங்கத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, கழிப்பறை முதல் பின்வாசல் வரை நடந்து காட்டுங்கள். உங்கள் ஆறு நிரந்தர ஊழியர்களையே தலைவர்களாக்கிவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். அன்று மாலை சங்கச் செயலாளர், ஒளிபரப்புக் குழு, ஒலி ஒளி அமைப்பாளர், சமையல் ஒப்பந்ததாரர் என்று ஒவ்வொருவரும் அந்த ஆறு பேரைத்தான் கூப்பிடுவார்கள். தன் குழுவை விட்டு நகராத தலைவர்தான் குழுவுக்குப் பயன்படுவார்.

ஆட்களை எங்கே எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே இடத்திலிருந்து எல்லோரையும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வரவேற்புக்கும் இருக்கைகளுக்கும் கல்லூரி மாணவர்கள் பொருத்தமானவர்கள். காட்சித் தொடர்பியல், உணவக மேலாண்மை பயில்கிறவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள். ஆனால் உங்கள் விழா டிசம்பரில் இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்கள் பல கல்லூரிகளில் பருவத் தேர்வுக் காலம். ஆகவே பேராசிரியர் ஒருவர் வாய்மொழியாக "நாற்பது பேர் வருவார்கள்" என்று சொல்வதை நம்பாமல், தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்கி, அன்றும் மறுநாள் காலையிலும் தேர்வு இல்லாதவர்களை மட்டும் பெயர் பெயராகச் சேருங்கள். மேடையோரப் பணிக்கு முன் அனுபவம் உள்ளவர்களைத் தவிர வேறு யாரையும் எடுக்காதீர்கள். காவல் பணிக்கு, பவுன்சர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் தனித்தனியே பேசி அமர்த்துவது தவறு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் நகலைப் பார்த்த பிறகே ஒப்பந்தம் செய்யுங்கள்.

சப்ளையர் மூலம் எடுக்கும் பகுதிக்கு இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். விழாவுக்கு மூன்று நாட்களுக்கு முன் ஒவ்வொருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வயதுச் சான்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் போய்ச் சேரும் கூலி எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு 40 பேர் 26 ஆனதற்கு, உங்கள் சப்ளையர் இன்னொருவரிடமும் அவர் மற்றொருவரிடமும் ஆள் கேட்டு, ஒவ்வொரு கையிலும் தரகு கழிந்து, கடைசியில் கிடைத்த தொகைக்கு வர ஆள் இல்லாமல் போனது காரணமாக இருக்கக்கூடும். நான் பார்த்தவரை இது மிகவும் வழக்கமான காரணம். பெயர்ப் பட்டியல் கிடைத்ததும் உங்கள் தங்கையோ ஒரு குழுத் தலைவரோ எல்லா எண்களுக்கும் பேசி, நேரத்தையும் கூலியையும் சொல்லி உறுதி செய்யுங்கள். அந்த ஒரு மணி நேரப் பேச்சில் எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்பது தெரிந்துவிடும். 18 வயது நிறையாதவர்களை எந்த வேலைக்கும் சேர்க்க வேண்டாம். எல்லா வேலைகளிலும் சட்டம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நள்ளிரவை ஒட்டி முடியும் வேலைக்கு அதுவே சரியான எல்லை.

ஷீல்டுகள் மாறிய விஷயத்துக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருது வேறொரு படத்துக்கு அறிவிக்கப்பட்டதும், அந்தப் படத்தின் குழுவினர் மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தவறு திருத்தப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். மேடையின் இரு புறமும் ஆளுக்கு ஒரு முழுத் தொகுதி உறைகளுடன் இருவர் நின்றார்கள். சிறந்த நடிகைக்கான உறை ஒரு புறத்திலிருந்து கொடுக்கப்பட்டுவிட்டது. மறுபுறம் அதன் இரட்டை அப்படியே தங்கியது. அடுத்த விருதுக்கு அந்தப் பழைய உறையே கைமாறியது. இருவருமே பல ஆண்டு அனுபவம் உள்ள கணக்குத் தணிக்கை நிறுவனப் பங்குதாரர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே நேரும் என்றால், மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்கு மேடையேறும் ஒரு மாணவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதன்பின் அங்கே மேடையோரத்தில் அந்தப் பங்குதாரர்கள் கைப்பேசி வைத்திருக்கத் தடை வந்தது. வெற்றியாளர் பெயர்கள் அனைத்தும் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் அமர்த்தப்பட்டார்.

உங்கள் மேடையிலும் அதையே சிறிய அளவில் செய்யுங்கள். விருது மேசை ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதற்குப் பொறுப்பாளரும் ஒருவரே இருக்கட்டும். அவர் இரவு முழுவதும் அந்த மேசையை விட்டு நகரக் கூடாது, தண்ணீர்கூட அவரிடம் போய்ச் சேர வேண்டும். 34 ஷீல்டுகளின் அடியிலும் கியூ ஷீட்டில் (நிகழ்ச்சி வரிசைத் தாளில்) உள்ள வரிசை எண்ணைப் பெரிதாக ஒட்டுங்கள். தட்டு ஏந்துகிறவர் வாங்கும்போது எண்ணையும் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும், மேசைப் பொறுப்பாளர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன்பிறகே தட்டு நகர வேண்டும். கடைசி நிமிடத்தில் சங்கத்தார் விருதுகளின் வரிசையை மாற்றச் சொல்வார்கள், இது நிச்சயம் நடக்கும். அந்த மாற்றத்தை மேடை மேலாளர் ஒருவரே ஏற்று, மேசைக்கும் தொகுப்பாளருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் தானே சொல்ல வேண்டும். சங்க உறுப்பினர் எவரும் நேராக மேசைக்கு வந்து சொல்வதை அந்தப் பொறுப்பாளர் ஏற்கக் கூடாது என்பதை முன்கூட்டியே இரு தரப்புக்கும் தெரிவியுங்கள்.

வெற்றியாளர்களை இருக்கையிலிருந்து அழைத்துவரும் நால்வரை இருவர் இருவராகப் பிரித்து, ஓர் இணை ஒரு விருதாளருடன் மேடையேறும்போது மற்றோர் இணை அடுத்தவர் அருகில் நிற்கும்படி அமையுங்கள். விருது பெற்றவர் அப்படியே குடும்பத்துடன் கிளம்பிப் போவது நம் விழாக்களில் சாதாரணம், கேமரா திரும்பும்போது முன்வரிசை பாதி காலியாகத் தெரியும். ஆஸ்கர் விழாவில் எழுந்து போகிறவர்களின் இடத்தில் உடனே போய் உட்காருவதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஐந்து ஈட்டு ஆட்களும் வேலையின்றி இருந்தால், நல்ல உடையில் அந்த வேலையைச் செய்யலாம்.

விளக்கக் கூட்டம் இருமுறை நடக்க வேண்டும். முந்தைய நாள் மாலை மேடைக் குழுவுக்கு மட்டும் ஒத்திகையுடன் ஒன்று, விழா நாளில் எல்லோருக்கும் அவரவர் நிற்கும் இடத்திலேயே அரை மணி நேரம் இன்னொன்று. ஒலிபெருக்கியில் 57 பேருக்கு மொத்தமாகச் சொல்வது யார் காதிலும் தங்காது. உள்ளங்கை அளவில் தமிழில் அச்சிட்ட அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். நிற்கும் இடம், குழுத் தலைவரின் பெயரும் எண்ணும், சாப்பாட்டு நேரம், வேலை முடியும் நேரம், கூலி வாங்கும் இடம், வேன் நிற்கும் இடம் ஆகியவை அதில் இருக்கட்டும். மேடையின் வலது, இடது என்ற சொற்களைத் தவிர்த்து, ஒரு பக்கத்துக்குச் சிவப்பு நாடாவும் மறுபக்கத்துக்குப் பச்சை நாடாவும் ஒட்டுங்கள். பார்வையாளருக்கு வலது என்பது மேடையில் நிற்பவருக்கு இடது. இந்தக் குழப்பத்தில் விருந்தினர் தவறான படியில் ஏறி நின்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாக்கி டாக்கி குழுத் தலைவர்களிடமும் மேடை மேலாளரிடமும் மட்டும் இருந்தால் போதும்.

இப்போது, 9.30 மணிக்குக் கிளம்பிப் போன 11 பேர். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனாலும் அந்த எண்ணம் கடிதத்தில் தெரிகிறது. பல்லடத்துக்கோ பொள்ளாச்சிக்கோ போக வேண்டிய ஒரு பெண்ணுக்கு, விழா எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் சொல்லவில்லை, வண்டி உண்டா என்றும் தெரியவில்லை என்றால், கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதைத் தவிர அவள் வேறு என்ன செய்ய முடியும்? மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு வேனுக்குத்தான். காந்திபுரம், சிங்காநல்லூர், உக்கடம் என்று மூன்று வழிகளில் வண்டி வைத்து, தொலைவில் இருக்கிறவர்களை வீட்டு வாசல்வரை விடுங்கள். எல்லோரையும் கடைசிவரை வைத்திருக்கவும் வேண்டாம். வரவேற்பு மேசைக் குழுவின் வேலை 8 மணிக்குத் தீர்ந்துவிடும். இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு 8.30 மணிக்குக் கூலி கொடுத்து அனுப்புங்கள். தூரத்து ஊர்க்காரர்களை அந்தக் குழுவிலேயே போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கூலி அன்றைய இரவே கொடுக்கப்பட வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் நாட்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அந்த முறைவேலை முடியும்போதே ஊதியம் தர வேண்டும் என்கிறது. வழக்கமான நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரு மடங்கு வீதம் என்பதும் அதில் உண்டு. சங்கத்தார் உங்களுக்குப் பணம் தர ஒன்றரை மாதம் ஆகலாம். அதைக் காட்டித் தொழிலாளிக்குத் தாமதிக்க முடியாது. கூலித் தொகையை மட்டுமாவது முன்பணமாக வாங்கித் தனியே வைத்துவிடுங்கள். நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், பெரிய விழா ஒன்றின் இறுதியில், ஏற்பாட்டாளர்கள் எங்களிடம் "அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். என்னுடன் நின்ற பெண்களில் மூவர் ஆட்டோவுக்குக் காசில்லாமல் விடியும்வரை அரங்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர்களுடன் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் நான் பொறுப்பேற்ற எந்த விழாவிலும், உறையில் பெயர் எழுதிய கூலி தயாராகாமல் கதவைத் திறந்ததில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். விருந்தினர் உண்டு மிஞ்சியதை இரவு 11 மணிக்குக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 4.30 மணிக்கே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், 8.30 மணிக்கு முறை வைத்து டிபன் போக வேண்டும். நிற்கும் இடத்துக்கு அருகில் நாற்காலியும் வேண்டும். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. எட்டு மணி நேரம் நின்றவர் முகத்தில் புன்னகையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்கள் தங்கையின் கவலை முழுக்க நியாயமானது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்த பெண்ணையும், சப்ளையர் அனுப்பிய பெண்ணையும், ஊதியமில்லாமல் தன்னார்வலராக நிற்கும் மாணவியையும் பணியாளராகவே கருதுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்குக் குறைவான நிறுவனங்களில் இருக்கிறவர்கள் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். நீங்கள் எந்த வரம்புக்குள் வருகிறீர்கள் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, அன்று மாலை புகாரைக் கேட்கப் பொறுப்பான பெண் ஒருவரின் பெயரையும் எண்ணையும் அந்த அட்டையில் அச்சிடுங்கள். உங்கள் தங்கையே அந்தப் பொறுப்பை ஏற்றால் நல்லது, ஆனால் வேறு எந்த வேலையும் அவருக்கு அன்று இருக்கக் கூடாது. உள்ளே தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறை வேண்டும். ஒப்பனை அறைக்கோ கார் நிறுத்துமிடத்துக்கோ ஒரு பெண்ணைத் தனியே அனுப்பக் கூடாது. அடையாள அட்டையில் முழுப் பெயரோ கைப்பேசி எண்ணோ வேண்டாம். இரவு 7 மணிக்கு மேல் வேலை செய்ய ஒப்புதலை எழுத்தில் வாங்குவதும் பாதுகாப்பாக வீடு சேர்ப்பதும் உங்கள் கடமை. விருந்தினர் ஒருவர் வரம்பு மீறினால், அவர் யாராக இருந்தாலும், அந்தப் பெண்ணை அங்கிருந்து விலக்கி வேறு இடம் கொடுத்துவிட்டு, அவளுக்குக் கூலியில் எதுவும் குறையாமல் பார்த்து, அதன்பின் சங்கத் தலைவரிடம் நீங்களே பேச வேண்டும். தட்டு ஏந்துவது பெண்களின் வேலைதான் என்று யார் விதித்தது? இரண்டு இளைஞர்களையும் இரண்டு பெண்களையும் நிறுத்தி, இருபாலருக்கும் ஒரே கூலி கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சென்ற ஆண்டு பாதிக் கூலி பெற்ற அந்த 11 பேர் மதியம் 2 மணி முதல் இரவு 9.30 வரை வேலை செய்திருந்தால், வேலையின் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். வராத நேரத்துக்கு உரிய தொகையை மட்டும்தான் கழிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கச் சட்டத்திலும் இடமில்லை. டிசம்பர் விழாவுக்கு ஆள் தேடத் தொடங்குவதற்கு முன், இந்த வாரமே அவர்களுடைய எண்களை எடுத்து, பாக்கியைக் கணக்கிட்டு அனுப்பிவிடுங்கள். மறுநாள் நீங்களே பேசி, அன்று ஏன் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். பேருந்துதான் காரணம் என்று சொல்கிறவர்களை வரவேற்பு மேசைக் குழுவுக்கு இப்போதே கூப்பிடுங்கள்.